போனில் அம்மா பேசியது

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நண்பர்களும் எடுத்த குறும்படத்தை ஒருவழியாகப் போட்டிக்கு அனுப்பிவிட்டோம். ஞாயிறு மாலைக்குள் அனுப்ப வேண்டும். அன்று காலையில்தான், தாயாக நடிக்க வேண்டியவர் காய்ச்சல் என்று போடியிலிருந்து போன் செய்தார். படத்தை இயக்கும் ஜெபஷீலா நம் வீட்டு வாசலிலேயே சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள். காபி கொண்டுவந்த அம்மா, "நான் வேணா நடிக்கட்டா?" என்றாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

காட்சி சின்னதுதான். வெளியூரில் இருக்கும் மகளிடம் தாய் போனில், "நல்லா இருக்கியா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவே. மறுமுனையில் யாரும் கிடையாது. அம்மா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஏத்தா, அங்கன கட்டப்பனையில மழை ஓயலையாமே. புள்ளைக்குக் காதைக் கட்டி விடு. மாப்பிள்ளை நேரத்துக்கு வீட்டுக்கு வந்துர்றாகளா?" என்றாள்.

கதையில் நீ இருக்கும் கட்டப்பனையும் இல்லை, மழையும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஜெபஷீலா 'கட்' சொல்லவே மறந்துவிட்டாள். உனக்குப் பாப்பா பிறந்த செய்தியை நான் சொன்னபோது பாதியிலேயே எழுந்துபோன அம்மாதான் இவள். நீ அவளை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அத்தானை அவள் மாப்பிள்ளை என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல்முறை. அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டோம்.

அனுப்பி முடித்ததும் அம்மா, "இது அவளுக்குப் போயிருமா?" என்று கேட்டாள்.

"நடுவர்களுக்குத்தாம்மா போகும்."

"அவுகளுக்கு எதுக்குடி? நான் அவகிட்டல்ல பேசுனேன்."

அதனால் படத்தை இத்துடன் உனக்கும் அனுப்புகிறேன். பார்த்ததும் அம்மாவுக்குப் பதில் சொல்.

உன் தங்கை