வேலூரில் எழுதிய கடைசி பாரா

வியாழன், வேலூர்

வெயில். காலையிலேயே கல் சுடுகிறது. உறுதியானது: சனிக்கிழமை ஜமுனாமரத்தூரிலிருந்து மலை நடை. சொன்னவர் கோவிந்தன், கூட வரப்போகிறவர். கோட்டை வாசலில், நேரில். மலைக்காரர். புளி விற்கக் கீழே வந்திருக்கிறார்.

வேலூர், முதல் பார்வை. ஒரே மதிலுக்குள் கோயில், சர்ச், மசூதி, மியூசியம். அகழியில் பச்சைத் தண்ணீர். வெளியே லாட்ஜ் போர்டுகளில் பெங்காலி எழுத்து, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்காக. டீக்கடைக்காரர் இந்தியில் கணக்குச் சொல்கிறார், தமிழில் திட்டுகிறார்.

கோவிந்தன் என் முதுகுப் பையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார், வூட்டையே மூட்டை கட்டியாந்துட்டிங்களா?"

டீ. பேச்சு. காப்புக்காட்டுக்குள் அவர்கள் ஊர்ச் சாமியின் கல் இருக்கிறது. யாரும் நுழையக் கூடாது என்று வனத்துறை போர்டு வைத்திருக்கிறது. ஆனாலும் வருடம் ஒரு முறை ஊரே போகிறது, செருப்பில்லாமல், விடியலில். இந்த வருடம் வரும் புதன்.

"யாரும் கேக்க மாட்டாங்களா?"

"நாங்க சொல்றதில்ல, அவங்க கேக்கறதில்ல."

சிரித்தார். நானும்.

மாலை, லாட்ஜ். ஓய்வு பெற்ற பிறகும் பழைய பத்திரிகையின் இணையப் பக்கத்துக்கு ஊர்க்குறிப்பு எழுதுகிறேன். எழுதி அனுப்பினேன். கடைசி பாரா கோவிந்தன். பெயர், ஊர், சாமி கல், சொன்னது சொன்னபடி. பெயரில்லாமல் யார் பேச்சையும் நான் போட்டதில்லை. டெஸ்கிலிருந்து சரவணன்: "அண்ணே, கடைசி பாரா அள்ளுது." சந்தோஷமாக இருந்தது. சப்பாத்தி, குருமா. தூக்கம்.

வெள்ளி, போளூர் போகும் பஸ்

புழுக்கம். ஜன்னலோர சீட். கோவிந்தன் போன்.

"சார், இன்னா சார் இது? எம் பேரு போட்டு, ஊர் பேரு போட்டு..."

யாரோ படித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அது சுற்றி வனத்துறை ரேஞ்சருக்குப் போயிருக்கிறது. ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு விசாரித்தாராம். எழுத்தில் வந்துவிட்டது, இனி தெரியாத மாதிரி இருக்க முடியாது என்றாராம். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

சரவணனை அழைத்தேன். பக்கத்தை எடுத்துவிட்டான். "ஆனா ஸ்கிரீன்ஷாட்டை நாம என்ன பண்ண முடியும்ணே?"

வழியில் இரண்டு கத்தரிக்காய் லோடு லாரி. புளியமரங்கள். எதற்கு இதை எழுதுகிறேன்.

சனி, ஜமுனாமரத்தூர்

குளிர். பனி மூட்டம். நடை இல்லை, நானும் கேட்கவில்லை. கோவிந்தன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி லட்சுமி வாசலிலேயே.

"வா சார். இன்னும் எதனா பாக்கி இருக்கா எழுத?"

உள்ளிருந்து கோவிந்தன்: "சும்மா இரு, புள்ள."

"நா ஏன் சும்மா இருக்கணும்? ஊர்ல தலைகாட்ட முடியல. சாமி வழிய வித்தவன் பொண்டாட்டின்றாங்க."

காபி கொடுத்தார், அந்தக் கோபத்திலும். குடிக்க முடியவில்லை. குடித்தேன்.

வன உரிமைச் சட்டம் இருக்கிறது, மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

கோவிந்தன்: "நீங்க எழுதன வரைக்கும் போதும் சார்."

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் மட்டும் பேசி முடிவெடுத்தது. "திங்கக்கெழம ரேஞ்சராண்ட வந்து, கோவிந்தன் அப்டி ஒண்ணும் சொல்லல, நானே இட்டுக்கட்டி எழுதுனதுன்னு சொல்லிடுங்க. போதும். புதன்கெழம போய்ட்டு வந்துடுவோம்."

யோசிக்கிறேன் என்றேன்.

லட்சுமி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு

மழை வரும் போல இருந்து வரவில்லை. லாட்ஜில் தண்ணீர் இல்லை. சாக்ஸ் துவைக்கவில்லை.

யோசிக்கிறேன் என்றேனே. எதை? அவர்களுக்குச் சாமியிடம் போகிற வழி. எனக்கு, இவன் பொய் எழுதமாட்டான் என்று நாலு பேர் சொல்லும் பேச்சு. இரண்டையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன், அதுவும் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து. குறிப்பை எழுதியதைவிட இதுதான் கூசுகிறது. அது புத்தி இல்லாமல் செய்தது. இது புத்தியோடு.

பெயர் போடட்டுமா என்று கோவிந்தனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மந்திரிகளிடம் கேட்டிருக்கிறேன்.

திங்கள், ஜமுனாமரத்தூர்

வெயில் வந்துவிட்டது. ரேஞ்சர் இளைஞர், மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். கோவிந்தனும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள்.

"கோவிந்தன் உங்ககிட்ட இத சொன்னாரா சார்?"

"இல்லை."

"அப்போ?"

"வேலூரில் நானாகச் சேர்த்தது. கட்டுரை நன்றாக வரும் என்று."

முழுதாக என்னைப் பார்த்தார். "இவ்ளோ வருசம் பேப்பர்ல இருந்துட்டு இப்டி செய்யலாமா சார்?"

"தப்புதான்."

அந்த ஒரு வார்த்தை மட்டும் உண்மை.

வெளியே வந்ததும் ஊர்க்காரர்களில் ஒருவர் மற்றவரிடம், என் காதுபடவே: "நான்தான் சொன்னேன் இல்ல, கோவிந்தன் அப்டி பேசறவன் இல்லன்னு." உண்மையாகவே நம்பிச் சொன்னார். கோவிந்தன் தரையைப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். புதன் நானும் வரலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

"வர்றேன் சார்," என்று திரும்பிவிட்டார்.

மேலதிகாரியிடம் பேசிவிட்டுச் சொல்வதாக ரேஞ்சர் சொல்லியிருக்கிறார். விசாரணையை மூடி வழி விடுவார்களா மாட்டார்களா, தெரியாது. பதில் நாளை சாயங்காலம். ஊர் புறப்பட வேண்டியது புதன் விடியலில்.