பம்பு கெட்டால் குழாயையா மாற்றுவீர்கள்

போமி அப்பா,

சட்டைப் பையைத் துழாவ வேண்டாம். போங்சிக் கொடுத்த மாத்திரைகளை அவர் வீட்டிலேயே எறிந்துவிட்டு வரப் போகிறேன். "உனக்கும் நுரையீரல்ல அழுத்தம்தானே, எனக்கு இதுல குணமாச்சு, நீயும் போட்டுப் பாரு"ன்னாராம். உங்களோடு மலையேற வருகிற மனுஷன் எப்போது டாக்டர் ஆனார்?

காலமெல்லாம் ஊரார் வீட்டுத் தரையைச் சூடாக்க அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கிறீர்கள். பம்பு இழுக்காமல் தண்ணீர் தேங்கினால் குழாயையா மாற்றுவீர்கள்? டாக்டரம்மா சொன்னதும் அதைத்தானே. "நுரையீரல் மேல தப்பில்லைங்க. இதயத்தோட இடது பக்கம் ரத்தத்தை வாங்கித் தள்ள மாட்டேங்குது, அதான் பின்னால தேங்குது." நன்றாகத் தலையாட்டினீர்கள். போங்சிக்கின் மாத்திரை ரத்தக் குழாயை அகலமாக்கும், இன்னும் தேங்கும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று மருந்துக்கடைப் பெண் என்னைத் திட்டினாள். உங்களுக்கு விழ வேண்டிய திட்டு.

உங்கள் நீர் பிரியும் மாத்திரை சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் இருக்கிறது. மலைப்பாதையில் ஒதுங்க வேண்டிவரும் என்று இன்றும் அதை விட்டுவிடாதீர்கள். சூப்பில் உப்பில்லை. கிம்ச்சி ஊறுகாயைத் தேடாதீர்கள், என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது.

பி.கு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று போங்சிக்கிடம் சொல்லத் தெரிகிறது, பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொல்லத் தெரியவில்லை. என் தலையணையையும் உங்கள் பக்கம் வைத்திருக்கிறேன். அடுக்கிச் சாய்ந்துகொள்ளுங்கள். சமாதானம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.