இறால் வராத நாட்களும் என் பிரசவப் பணமும்

அனுப்புநர்:
திருமதி கத்தரீனா பிலிப்பு,
கடற்கரை வீதி, குருநகர்.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
தொழில் திணைக்களம், யாழ்ப்பாணம்.

விடயம்: கிலோக் கணக்கில் கூலி பெறும் தொழிலாளியின் பிரசவப் பணத்தைக் கணித்த முறை பற்றியது.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் நீலவாணி கடலுணவுக் கம்பனியில் மூன்று வருடமாக இறால் கோது உடைக்கிறேன். உடைத்த கிலோவுக்கே கூலி. சென்ற மாதம் ஒன்பதாந் திகதி எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம்.

2. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதத்தில், அரசு விதித்த கடற்தடையால் இறால் வந்தது முப்பத்தெட்டு நாட்கள் மட்டுமே. அத்தனை நாளும் வேலை செய்து 684 ரூபாய் உழைத்தேன். பிரசவப் பணத்தை நாட்கூலியை வைத்தே கணிப்பதால், கம்பனிக் கிளாக்கர் திரு. தேவராசா அதைத் தொண்ணூறு நாளால் பிரித்து, என் நாட்கூலி ஏழு ரூபாய் அறுபது சதம் என்று எழுதியுள்ளார். முப்பத்தெட்டால் பிரித்தால் பதினெட்டு ரூபாய் வரும். போய்க் கேட்டபோது, “இறால் வராத நாளுக்கு நான் எங்கையிருந்து உழைப்பு எழுதுறது, தங்கச்சி?” என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். எனக்கு இருக்கக் கதிரை போட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்த நாட்களில் நான் லீவு எடுக்கவில்லை. வேலைக்குப் போய், பூட்டியிருந்த கம்பனிப் படலையடியில் நின்று திரும்பினேன். என் கணவரும் கடலுக்குப் போக முடியாதபடியால், வீட்டுக்கு இப்போது வருமானம் இந்தப் பணம் ஒன்றே.

3. ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. கடைசி மாதம் கால் வீங்கி என் கை பிந்தியது. ஆனாலும் என் தட்டு நிறை குறையவில்லை. பக்கத்தில் இருக்கும் அற்புதராணியும் ஸ்ரெல்லாவும் தாங்கள் உடைத்ததை என் தட்டில் போட்டு வந்தார்கள். கண்டுபிடித்து மறித்தபோது அற்புதராணி, “பேசாமல் இருந்து உடை. பிள்ளையும் எங்களோடை வேலைக்கு வருகுதுதானே, அதுக்கும் ஒரு பங்கு வேண்டாமே?” என்றா. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். நாளுக்கு இரண்டு கிலோவாவது அவர்களுடையதாக இருக்கும். அதை என் கணக்கில் கழித்து அவர்கள் பெயரில் எழுதுவித்தால் என் மனம் ஆறும்.

4. ஆகவே, வேலை நடந்த நாட்களால் மட்டும் பிரித்து என் பணத்தைக் கணிக்கும்படி கம்பனிக்கு அறிவித்து உதவுமாறு பணிவாகக் கேட்கிறேன். நாங்கள் இறால் உடைக்கும் கொட்டிலில் இன்னும் இரண்டு பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள். தங்கள் முடிவு அவர்களுக்கும் வழிகாட்டும்.

குருநகர்,
1986 யூலை 14.

தங்கள் உண்மையுள்ள,
கத்தரீனா பிலிப்பு

ஐயா, சாட்சிக் கையொப்பம் வைக்க வந்த இடத்தில் இம்மனுவை வாசித்தோம். முதலாம், இரண்டாம், நாலாம் பந்திகள் உண்மை. மூன்றாம் பந்தியில் அவ கேட்டதை மட்டும் தள்ளுபடி செய்யவும். அந்தத் தட்டில் இருந்த இறால் முழுவதும் கத்தரீனாவுடையது. எங்கள் பெயரில் ஒரு கிலோவும் எழுத வேண்டாம்.

அற்புதராணி
ஸ்ரெல்லா