மின்னல் விழாத மதியம்

உன் தோல் கையுறைகள் இரண்டும் என் மேசைமேல் கிடக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன் உன் மனைவி அமரில்லோவிலிருந்து ஒரு பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாள். "இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருங்கண்ணா, ஏன்னு சொல்லல" என்று உள்ளே ஒரு சீட்டு. ஏன் என்று எனக்குத் தெரியும். முகர்ந்து பார்த்தேன். வேலிக் கம்பத்தின் தார் வாடை, அதற்கடியில் கரிந்த புல்லின் வாடை. ஆறு வருஷத்துக்கு முந்தைய வாடை இன்னும் போகாமல் இருக்குமா, அல்லது என் மூக்குதான் அதைக் கற்பனை செய்கிறதா தெரியவில்லை. நீ ஆஸ்பத்திரியில் நுரையீரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்து பார்க்கத் துப்பில்லாதவன், இப்போது உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

ஆறு வருஷத்துக்கு முன், என் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று காலையில் நீ போன் பண்ணினாய். அமரில்லோ ஊர் எல்லையில் புதிதாகக் கட்டிய என் வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி, வேலிக்கு அந்தப்புறம் அந்தப் பண்ணைக்காரக் கிழவரின் புல்வெளி. இரண்டு மாதமாக மழை இல்லை. உன் வேலையே பண்ணைக்காரர்களுக்கும் தீயணைப்பு ஆட்களுக்கும் தினமும் வானிலை எழுதித் தருவதுதான். எழுதியதை எனக்குப் படித்தே காட்டினாய்.

"மத்தியானத்துக்கு மேல இடி மேகம் வரும். மழை பாதி வழியிலயே காஞ்சிடும், தரைக்கு வராது. காத்து மட்டும் மேல இருந்து தொப்புனு விழும். ஒரு பொறி பட்டாப் போதும்டா. ஹோமத்த வீட்டுக்குள்ளயே முடிச்சிடு."

"முகூர்த்தம் பத்தரைக்கே முடிஞ்சிடும். உன் மேகத்த லேட்டா வரச் சொல்லு" என்றேன். எனக்கு அப்போது எல்லாமே வேடிக்கை.

ஹோமத்தை உள்ளேதான் செய்தோம். புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தோம். இர்விங்கிலிருந்து வந்த ஐயர் நெய்யை விடவிட, ஹாலில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. புகை தாங்காமல் இலை போடுவதற்கு முன் நானும் என் மைத்துனனும் செங்கல் அடுக்கி ஹோமம் வளர்த்த பெரிய தட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டுச் சிமெண்ட் தரையில் வைத்தோம். உள்ளே கட்டை இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

நீ வேலியோரம் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாய். வாயில் பற்ற வைக்காத சிகரெட். "ஏன்டா சும்மா கடிச்சிட்டு நிக்கிற?" என்று கேட்டதற்கு, "இன்னிக்குப் பத்த வெக்கக்கூடாதுன்னு ஊருக்கே எழுதிக் குடுத்திருக்கேன், நானே பத்த வெச்சா நல்லாவா இருக்கும்?" என்றாய். பிறகு தட்டைப் பார்த்தாய். மூலையில் கிடந்த தோட்டத்துக் குழாயை எடுத்தாய்.

நான் பாய்ந்து வந்து உன் கையைப் பிடித்தேன். "கிரகப்பிரவேசத்தன்னிக்கு அக்னில தண்ணி ஊத்துவியா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா? அது தானா அடங்கணும்டா."

"காத்து வரப்போகுதுடா."

"வந்தா வரட்டும். சாப்பிட வா."

என் மாமனாரும் ஐயரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் வீட்டுக்காரனாக நடந்துகொள்ள வேண்டும் என்ற திமிர் எனக்கு. நீ குழாயைக் கீழே போட்டாய். அதோடு விடாமல், ஒரு அலுமினியத் தட்டைத் தேடி எடுத்து ஹோமத்தின்மேல் கவிழ்த்துவிட்டுத்தான் பந்திக்கு வந்தாய்.

ரசம் பரிமாறும்போது காற்று விழுந்தது. நீ சொன்ன வார்த்தை சரி. அது வீசவில்லை, விழுந்தது. பின்கதவு படாரென்று அடித்தது. நீ கவிழ்த்த தட்டு சிமெண்டில் உருண்டு ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் எழுந்து வெளியே வருவதற்குள் வேலிக்கு அந்தப்புறம் புல் எரிந்துகொண்டே நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். கிழவர் குளிர்காலத்துக்கென்று சுருட்டி வைத்திருந்த காய்ந்த புல் உருண்டைகள் எல்லாம் போயின. வேலி நெடுகக் கம்பங்கள் கரியாகி நின்றன. நீயும் மற்றவர்களும் ஈரச் சாக்கை வைத்துப் புல்லை அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று நீ பார்த்தாய். பார்த்தாய் என்று எனக்கும் தெரியும். ஹோமத்துச் சாம்பலையும் கட்டையையும் குப்பைப் பையில் வாரிப் போட்டு கராஜில் வைத்துவிட்டு, நீ கீழே போட்ட அதே குழாயை எடுத்து சிமெண்ட் தரையைக் கழுவினேன். உன்னை ஊற்ற விடாத தண்ணீர்தான். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்.

தீயணைப்புக் குழுவின் தலைவர் வந்து எப்படிப் பிடித்தது என்று கேட்டார். மேற்கே இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் கையைக் காட்டி, "மின்னல்" என்றேன். அவர் உன் பக்கம் திரும்பினார். வானிலைக்காரன் என்று உன்னை அவருக்குத் தெரியும். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பார்த்துத்தான் சொல்லணும்" என்றாய்.

மறுநாள் போன் வந்தது. "பாத்துட்டேன்டா. மின்னல் எந்த நிமிஷம் எங்க விழுந்ததுன்னு எங்க மெஷின்ல பதிவாகும். உன் வீட்டச் சுத்தி பதினஞ்சு மைலுக்குத் தரையில ஒண்ணுகூட விழல, இடிச்சதெல்லாம் மேகத்துக்குள்ளயே. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீயே போய்ச் சொல்லிடு."

"கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கேன்டா, இந்த நேரத்துல..."

கிரீன் கார்டு ஒரு சாக்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும். பூஜை பண்ணி ஊரைக் கொளுத்தின இந்தியன் என்று பெயர் வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்குப் பயந்துகொண்டு அதைவிடப் பெரிய வெட்கத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தால், நீ இந்தக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு கிழவரோடு கம்பம் நட்டுக்கொண்டிருந்தாய். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஐந்து சனிக்கிழமை வந்தாய். ஒரு நாளும் என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. எல்லாவற்றையும் நீ அவரிடம் சொல்லியிருப்பாய் என்று நினைத்து உன்மேல் கோபப்பட்டேன். ஆமாம், கோபம். அந்த வருஷமே வேலையை மாற்றிக்கொண்டு ஆறு மணி நேரத் தொலைவில் இந்த இர்விங்குக்கு ஓடி வந்தேன். அப்புறம் போனில், "அங்க மழையாடா?" என்று கேட்பதோடு சரி.

பெட்டி வந்த வாரக் கடைசியில் கிழவரைப் பார்க்கக் கிளம்பினேன். இன்னும் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல், காது நன்றாகவே கேட்கிறது. நீ போய்விட்டதைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல பையன். அந்தத் தீ அவனால வந்ததுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் இங்கிலீஷில்.

எனக்குப் புரியவில்லை.

"மின்னல்னு நீ சொன்ன. புல்லு எரிஞ்ச தடத்தப் பாத்தா உன் வேலிகிட்டதான் ஆரம்பிச்சிருந்தது. அதுக்கு முன்னாடி அவன் அங்க நின்னத நான் பாத்தேன், வாயில சிகரெட்டோட. அப்புறம் அஞ்சு சனிக்கிழமை வந்து வேலை செஞ்சான். ஒரு தடவைகூட என் முகத்தப் பாத்துப் பேசல. பாவம், தப்பு பண்ணிட்டுச் சொல்ல முடியாமத் தவிக்கிறான்னு நானும் கேக்கல. எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். வரத் தோன்றியது, உன்னிடம் மறைக்கவில்லை. நீ இறந்துவிட்டாய், அவர் மன்னித்துவிட்டார், யாருக்கும் நஷ்டமில்லை. அரை நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சொன்னேன். ஹோமம், தட்டு, குழாய், குப்பைப் பை எல்லாம் சொன்னேன். அந்தச் சிகரெட் பற்ற வைக்காத சிகரெட் என்று இரண்டு தடவை சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. வேலிப் பக்கம் திரும்பினார். "அப்ப அவன் எதுக்கு வந்தான்?" என்று கேட்டார்.

"எனக்காக" என்று சொல்ல எனக்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கவில்லை. சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உன் பெயரைக் கேட்டார். ஐந்து சனிக்கிழமையும் உன்னை வானிலைக்காரன் என்றே கூப்பிட்டிருக்கிறார். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், நாக்கு வளையவில்லை. என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

நீ நட்ட கம்பங்கள் நேராகத்தான் நிற்கின்றன. உன் கையுறைகளைப் போட்டுப் பார்த்தேன், என் கைக்குச் சரியாக இருக்கின்றன. சரியாக இருக்கும் என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாய்.