கூட்டாத வீட்டில் விழுந்த சாம்பல்

என் அன்பு மகன் கிறிஸ்புலோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மகள் டெல்ஃபினாவும் மெலானியோ சித்தப்பா குடும்பமும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ இருக்கும் கடலில் காற்றும் தண்ணீரும் உன்னிடம் பதமாக நடந்துகொள்ள வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உன் கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகத்துக்கே அனுப்பித் தருவதாக மணிலாவில் உன் கம்பெனி ஏஜெண்டு சொல்லியிருக்கிறார். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பள்ளிக்கூட பெஞ்சை மேசையாக்கி எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த வயதில் மறுபடி பெஞ்சு கிடைத்திருக்கிறது பார். கீழ் ஊர்ப் பள்ளியில்தான் எங்கள் எல்லாரையும் தங்க வைத்திருக்கிறார்கள், ஒரு வகுப்பறைக்கு நான்கைந்து குடும்பம். டெல்ஃபினா இங்கே சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள், டீச்சரே வந்து எட்டிப் பார்த்துவிட்டு இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார், என் பேத்தி என்று எழுந்து நின்று சொன்னேன். அடுத்த வருஷம் அவளும் ஐந்தாவது முடித்துவிடுவாள், அதற்கப்புறம் இந்த வீட்டில் அதிகம் படித்தவள் அவள்தான், நான் அடங்கித்தான் போக வேண்டும்.

நீ காத்திருங்கள், வருகிறேன் என்று தந்தி கொடுத்தாய். நானும் காத்திருக்கிறேன் என்று பதில் கொடுத்தேன். அப்படிச் சொல்லிவிட்டு நீ வருவதற்குள் உன் அப்பாவைப் புதைத்துவிட்டேன். அடுத்த தந்தியில் அடக்கம் முடிந்தது என்று மட்டும்தான் போட முடிந்தது, அதைப் படித்து நீ என்ன நினைத்திருப்பாய் என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், படித்துவிட்டு உன் மனதுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல், கோபம் என்றாலும் சொல்.

இந்த வருஷம் மழை இல்லை என்பது உனக்குத் தெரியும். எங்கேயோ பெரிய கடலில் தண்ணீர் சூடேறிவிட்டது, அதனால் நம் பக்கம் வர வேண்டிய காற்று திசை மாறிவிட்டது, மழை கடலிலேயே கொட்டித் தீர்க்கிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நாருக்காக வளர்த்த அபாக்கா வாழையெல்லாம் இலை மடங்கி நின்றது, எருமை சேற்றுக்கு ஏங்கி வேலியில் உரசிக்கொண்டிருந்தது. அதனால் மலைச் சரிவில் நம் மேல் ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றியபோது யாரும் திகைக்கவில்லை. வானத்தைப் பார்த்துத் திட்டினோம், கடலைத் திட்டினோம். காலுக்குக் கீழே இருப்பதை நினைக்கவே இல்லை. மழை நன்றாகப் பெய்யும் வருஷத்தில் கிணறு வற்றியிருந்தால் எந்தக் கிழவியும் இந்த எரிமலையைத்தான் முதலில் திரும்பிப் பார்த்திருப்பாள். இந்த வருஷம் பழி போட வேறு ஆள் கிடைத்துவிட்டது.

டெல்ஃபினா கீழ் ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வருவதை உன் அப்பாவால் பார்க்க முடியவில்லை. கிணற்றை இன்னும் ஓர் ஆள் ஆழம் தோண்டிவிடலாம் என்றார். கிணற்றில் இறங்குமுன் செய்யும் வழக்கப்படி, மெழுகுத் திருநாளில் மந்திரித்து வாங்கி வைத்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வாளியில் வைத்து மெலானியோ கீழே இறக்கினான். பாதி தூரத்திலேயே அணைந்துவிட்டது. மந்திரித்த மெழுகு அணைந்தால் நாம் என்ன நினைப்போம், நீயே சொல். ஜெபம் குறைந்துவிட்டது என்றாள் பக்கத்து வீட்டு உர்பானா, எல்லாரும் ஆமாம் என்று கிணற்றைச் சுற்றி முட்டி போட்டு ஜெபமாலை முழுவதும் சொன்னோம். அதற்குள் கடல் பக்கமிருந்து நல்ல காற்று ஏறி வந்தது. மறுபடி இறக்கினால் மெழுகு அடிவரைக்கும் போய் அணையாமல் எரிந்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. உள்ளே படுத்துக் கிடந்த விஷக்காற்றைக் கடல் காற்று கொஞ்ச நேரம் கலைத்துவிட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

அவர் இறங்கி மண் வெட்டி வாளி வாளியாக அனுப்பினார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஒருமுறை மேலே பார்த்து, "கொன்சொர்சியா, அடி மண்ணு வெதுவெதுன்னு இருக்குடி. தண்ணி வந்தா அடுப்பு மூட்ட வேண்டாம், நேரா காப்பித்தூள் போட்டுக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான், அதை உனக்குச் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. உச்சிப் பொழுதில் காற்று நின்றது. இலை அசையவில்லை. வாளி மேலே வரவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. மெலானியோ கயிற்றைப் பிடித்து இறங்கப் போனான், நான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "விடுங்க அண்ணி, எங்க அண்ணன் கெடக்குறாரு" என்று கத்தி என் கையைக் கடித்தே விட்டான். நான் விடவில்லை. அந்தக் கடித்த வடு இன்னும் இருக்கிறது, அவன் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கொக்கி போட்டுத்தான் உன் அப்பாவை மேலே எடுத்தோம். முகத்தில் ஒரு காயமும் இல்லை மகனே, வேலை முடித்து அயர்ந்து தூங்குகிறவர் போலத்தான் இருந்தார். நீ கப்பலில் அடைத்த தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் யாரையும் இறங்க விடமாட்டாய் என்று முன்பு எழுதியிருந்தாய், நான் இருந்திருந்தால் என்று இப்போது நினைக்காதே. எங்கள் எல்லாருக்கும் நீ சொன்னது கப்பல் சமாச்சாரம் என்றுதான் மனதில் இருந்தது, நம் வீட்டுக் கிணற்றுக்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

நகரத்திலிருந்து ஆள் வந்து உடல் கெடாமல் மருந்து ஏற்றிக் கண்ணாடி வைத்த சவப்பெட்டியில் கிடத்தினார்கள். நீ வருகிறவரை தாங்கும் என்றார்கள். ஊரே நம் வீட்டில்தான் கிடந்தது. காப்பி, பிஸ்கட், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை, ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் சீட்டு. உன் அப்பா சீட்டில் அழுகுணி ஆட்டம் ஆடுவார் அல்லவா, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். உர்பானாவின் புருஷன் பெட்டியைப் பார்த்து, "அன்செல்மோ, இன்னைக்காவது ஒழுங்கா கண்ண மூடிட்டு இரு, எங்க சீட்ட எட்டிப் பாக்காத" என்றான், நானும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அப்போதுதான் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் நார்சிசோ துக்கம் விசாரிக்க வந்தார். காப்பி குடித்துக்கொண்டே எப்படி நடந்தது என்று கேட்டார், மெலானியோ சொன்னான். அடி மண் வெதுவெதுப்பு என்றதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கிணறு எப்போதிலிருந்து வற்றுகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எங்கள் கிணறும், எங்கள் கிணறும் என்று எல்லா வாயிலிருந்தும் வந்தது, சீட்டு ஆடியவர்களும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. நானும் ஊற்று வற்றியதைப் பார்த்தேன், நானும் வறட்சி என்றுதான் நினைத்தேன் என்றார். மறுநாள் கருவிகளோடு வந்து கிணற்றுக்குள் குழாய் இறக்கிப் பார்த்தார்கள். கீழே நெருப்புக் குழம்பு மேலேறி வரும்போது சோற்றுப் பானை மூடி மாதிரி தரை உப்பி விரியுமாம், தண்ணீர் அந்த விரிசல் வழியே வேறெங்கோ ஓடிவிடுமாம், அதே விரிசல் வழியே கெட்ட காற்று ஏறி வந்து பள்ளத்தில் தண்ணீர் போலத் தேங்குமாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு உன் அப்பா சாதாரண விபத்தில் சாகவில்லை, மலையின் முதல் மூச்சுக்கு வாயைக் கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது.

அதற்கப்புறம் சாம்பல் விழ ஆரம்பித்தது. மாவு சலித்தது போல மெதுவாக. மேல் ஊர் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது, லாரியும் வந்து நின்றது. பெட்டி இருக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது, பெட்டி வெளியே போன பிறகுதான் கூட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியும், முன்பே கூட்டினால் இன்னொரு உயிரையும் சேர்த்து வாரிவிடுவோம் என்று நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலேயே என் மாமியார் சொல்லியிருந்தார். அதனால் கூட்டவில்லை. கண்ணாடியை மட்டும் துணியால் துடைப்பேன், துடைத்துத் திரும்புவதற்குள் மறுபடி மூடிவிடும். தரையில் சாம்பல் ஏறிக்கொண்டே போனது, நடந்தவர்கள் காலடியெல்லாம் அதில் பதிந்து கிடந்தது. நான் போக மாட்டேன் என்றேன். என் மகன் கடலில் இருக்கிறான், அவன் வந்து அப்பா முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மூட மாட்டேன் என்றேன். நார்சிசோ கெஞ்சினார், மேயர் வீட்டு ஆள் மிரட்டினான். நான் அசையவில்லை.

நான் அசையாததால் ஊரும் அசையவில்லை, அதுதான் விஷயம். துக்க வீட்டைத் தனியே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் நமக்கு இல்லையே. லாரி வெறுமனே நின்றது. நீங்கள் போங்கள் என்று உர்பானாவிடம் சொன்னேன், அவள், "நீ இங்க ஒத்தையில கெடப்ப, நாங்க கீழ போயி சோறு திங்கணுமா, நல்லா இருக்கு உன் நியாயம்" என்று என்னைத் திட்டிவிட்டுக் காப்பி போடப் போனாள். அவள் மகள் பெற்றெடுத்த பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகவில்லை. அந்தக் குழந்தை முகத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு அந்த மகள் நம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள், துணி சாம்பல் நிறமாகிவிட்டது, அதைப் பிழிந்து பிழிந்து மறுபடி போட்டாள். குழந்தை தும்மியது. டெல்ஃபினா என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து கதவுக்குப் பின்னாலிருந்த துடைப்பத்தை எடுத்தேன்.

பெட்டி இருக்கும்போதே கூட்டினேன் மகனே. அவர் தலைமாட்டிலிருந்து வாசல்வரைக்கும் கூட்டினேன். சீட்டு ஆடியவர்கள், ஜெபம் சொன்னவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள், துடைப்பச் சத்தம் மட்டும்தான் கேட்டது. உயிரை வாரினால் என் உயிரை வாரிக்கொண்டு போகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கூட்டினேன். வாசலுக்கு வந்ததும் மெலானியோ துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, "போதும் அண்ணி, அண்ணனத் தூக்கிருவோம்" என்றான். அவர் பெட்டியை நடுவில் வைத்து, சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஊரே ஒன்றாக லாரியில் மலையை விட்டு இறங்கினோம். எருமையை அவிழ்த்து விட்டுவிட்டோம், அது எங்களுக்கு முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்திருந்தது, கெட்டிக்கார மாடு.

அன்றே கீழ் ஊர்க் கல்லறைச் சுவரில் பெட்டியைத் தள்ளி மூடும் மாடம் ஒன்றை வாங்கி அடக்கம் செய்தோம். மறுநாள் மலை திறந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து வானம் பகலிலேயே மூடிக்கொண்டது, கடல் மேலெல்லாம் மலை துப்பிய நுரைக்கல் மிதந்தது என்றார்கள் மீன் பிடிக்கிறவர்கள். நம் வீடு இல்லை. கிணறும் இல்லை. உன் பாட்டியைப் புதைத்த மேல் கல்லறைத் தோட்டமும் இல்லை. ஆனால் மேல் ஊரில் வேறு ஒருவர் உயிர்கூடப் போகவில்லை, உர்பானாவின் பேரனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் ஆனது. பெயர் அன்செல்மோ. மலை எடுத்துக்கொண்டது உன் அப்பா ஒருவரைத்தான். பாதிரியார் பூசையில் அப்படித்தான் சொன்னார், நான் தலை குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ரேடியோவில் கடல் குளிர்ந்துவிட்டது, இனி மழை வரும் என்கிறார்கள். கேட்டு மகிழ முடியவில்லை. மலைச் சரிவெல்லாம் சாம்பல் குவிந்து கிடக்கிறது, புயல் மழை பிடித்தால் சேறாக இறங்கும், அதனால் புயல் காலம் முடியும்வரை யாரும் மேலே போகக் கூடாது என்று நார்சிசோ சொல்லியிருக்கிறார். கடல், காற்று, நிலம் என்று மூன்றையும் தனித்தனியே பிரித்துக் கடவுள் படைத்ததாகக் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தார், ஒன்று அசைந்தால் மற்றது சும்மா இருப்பதில்லை என்பதை நான் இந்த வருஷம்தான் படித்தேன். நீயும் புயல் காலத்தில் கவனமாக இரு. இயந்திர அறைச் சூட்டிலிருந்து நேராகக் குளிர் காற்றுக்குப் போகாதே. சோற்றை நேரத்துக்குச் சாப்பிடு. துக்கத்தில் யாரோடும் குடிக்க உட்காராதே.

ஒரு வருஷத் துக்கம் கழிக்கும் நாளுக்காவது நீ வந்துவிட வேண்டும். நீ பார்க்க முகம் இல்லை, அதற்கு நான்தான் காரணம், ஆனால் ஒன்று மட்டும் உனக்காக வைத்திருக்கிறேன். மாடத்தை மூடும் பலகையைக் கொத்தனார் இங்கே விழுந்த சாம்பலையே சுண்ணாம்போடு குழைத்துச் செய்தார், கல் மாதிரி இறுகிவிட்டது. பெயர் வெட்டித் தருகிறேன் என்று அவர் மூன்றாம் தடவையும் வந்து கேட்டுவிட்டார், நான் விடவில்லை. பலகை வெறுமையாகவே இருக்கிறது. அதில் உன் அப்பா பெயரை வெட்ட வேண்டிய கை கடலில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வரும்போது நல்ல உளி ஒன்று கொண்டு வா.

மாதா உன்னை அலைக்கு மேலேயே வைத்திருக்கட்டும். டெல்ஃபினா முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
கொன்சொர்சியா