பழைய பெயர்ப் பதிவேடு

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகத்துக்கு ஒரு வக்கீலம்மா வந்தார். பன்னாட்டு நீதிமன்றத்திலிருந்தாம். ஆட்சி மாறியதும் மூடினார்களே, அந்த அரசு பிள்ளைகள் விடுதியில் பத்து வருடம் தட்டச்சு வேலை பார்த்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பல்வலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

வீட்டுக்கே வந்துவிட்டார்.

மலையடிவார ஊர்களில் வாழும் இனத்தாரின் மொழிப் பள்ளிகளைப் பழைய அரசு மூடியது, நூலகத்தை எரித்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “இதை மட்டும் வச்சு இனப்படுகொலைன்னு சொல்ல முடியாதும்மா. சட்டம் எழுதினப்பவே பண்பாட்டை அழிக்கிறதை வெளியே தள்ளிட்டாங்க” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே, “ஆனா ஒரு இனத்தோட பிள்ளைங்களைப் பறிச்சு இன்னொரு இனத்துல சேர்க்கிறது சட்டத்துல இருக்கு. அந்த இனமே இல்லாமப் போகணும்னுதான் பறிச்சாங்கன்னு நிரூபிக்கணும். எரிஞ்ச நூலகம் அதுக்குத்தான் உதவும். நீங்களும்தான்” என்றார்.

நான் யாரையும் பறிக்கவில்லை. பழைய பெயரை எடுத்துவிட்டு எங்கள் மொழியில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தேன், அவ்வளவுதானே? மலையடிவார ஊர்களிலிருந்து விடுதிக்குக் கொண்டுவந்த இருநூற்றுப் பதினாறு பிள்ளைகள். பெயர் எதுவும் தோன்றாத நாளில் சித்தி பிள்ளைகளின் பெயர்களை வைத்தேன்.

மார்ச் 10

அண்ணனிடம் சொன்னேன். “மேல சொன்னாங்க, செஞ்சேன்னு சொல்லிட்டு வாயை மூடிக்க. ஊர் வம்பு நமக்கெதுக்கு?” என்றான்.

மார்ச் 17, செவ்வாய்

விடுதியின் பழைய கண்காணிப்பாளர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து உட்கார்ந்தார். “உன் பொண்ணு எட்டாவதுதானே? மஞ்சள் பஸ்லதானே போறா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

பழைய பேரெல்லாம் இருக்கிற பதிவேடு என்கிட்டதான் இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிடுச்சா? விடுதியை மூடினப்ப அவர் எரிக்கச் சொன்ன அன்னிக்கே எரிச்சுத் தொலைச்சிருக்கலாம். ஏன் எரிக்கல? பிள்ளைங்க மேல இரக்கமா? ஒண்ணும் கிடையாது — பின்னாடி யாராவது கேட்டா நான் மட்டும் மாட்டிக்கக் கூடாதுன்னுதான்.

மார்ச் 18

மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

மார்ச் 20

இன்றும் அனுப்பவில்லை. “என்னை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களாம்மா?” என்று கேட்டாள். அந்த விடுதி வாசலில் இதையே எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்! அவர்கள் மொழி எனக்குப் புரியாது. அதனால் தப்பித்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மகளை அண்ணன் வீட்டில் விட்டேன். பதிவேட்டை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது மூன்று இடத்தில் நின்று பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.

ஜூன் 23, செவ்வாய்

கண்காணிப்பாளர் மேல் நடக்கும் வழக்கில் இன்று சாட்சிக் கூண்டில் ஏறினேன். அவருடைய வக்கீல் என்னிடம் தன்மையாகத்தான் பேசினார்.

“மேலதிகாரி சொன்னதைச் செஞ்சீங்க. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?”

ஆமாம் என்றால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

“தெரியும்” என்றேன். “அந்தப் பிள்ளைங்க என்னைக்காவது ஊருக்குத் திரும்பினாலும் பெத்தவங்களால கண்டுபிடிக்க முடியக் கூடாது. அதுக்குத்தான். கண்காணிப்பாளர் சாரே எங்ககிட்ட சொன்னார்.”



ஜூலை 14

வக்கீலம்மா போன் செய்தார். என் மேலும் வழக்கு வரலாமாம். பயமாகத்தான் இருக்கிறது.

பதினொரு பிள்ளைகளின் வீடு தெரிந்துவிட்டதாம். அதில் ஒரு பெண்ணுக்கு இப்போது பதினேழு வயது. பெற்றவள் எதிரே நின்று பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். இந்தப் பெண் பின்னால் திரும்பிப் பார்த்து, “யாரைக் கூப்பிடறாங்க?” என்று கேட்டாளாம்.