தனுஷிகாவின் போத்தல்கள்

2025 மார்ச் 4, செவ்வாய்

கொக்குவில் கடவையில் ரயில் மறித்து, இன்றும் பத்து நிமிடம் பிந்தித்தான் ஆய்வுகூடத்துக்குப் போனேன். ஒருவரும் கவனிக்கவில்லை. கிருமிகளுக்கு நேரம் தெரியாது என்பது இந்த வேலையில் ஒரு வசதி.

பால் வங்கியிலிருந்து எட்டு மாதிரிகள் வந்திருந்தன. குறைமாதப் பிள்ளைகளுக்காக வெளித் தாய்மார் கொடுக்கும் பால். அதைச் சூடாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்க முதல் என்னிடம் கொஞ்சம் வரும். தட்டில் பூசி வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். பதினாறு வருடமாகச் சளியும் சீழும் பார்த்த கைக்கு இது மரியாதையான வேலைதான்.

வங்கியைப் பார்க்கும் தாதி றொசாந்தி மிஸ் ஐந்து போத்தல்களைத் தனியாகக் காட்டினார். பொலிகண்டியில் இருக்கிற தனுஷிகா என்ற இளம் தாய் தந்ததாம். குறைமாத வார்டில் ஐந்தாம் சூட்டுப் பெட்டியில் கிடக்கும் தொளாயிரம் கிராம் குழந்தை இவளுடைய பாலில்தான் தேறி வருகிறதாம். தலையாட்டினேன். ஆளைத் தெரிந்து நான் என்ன செய்ய? எனக்கு இலக்கம் போதும். முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து.

மார்ச் 6, வியாழன்

முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வரை ஐந்து தட்டிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். எண்ணி முடியாது. அழுக்குத் தண்ணீரிலும் குடலிலும் இருக்கும் இனம். மற்றத் தாய்மாரின் மூன்றும் நல்லாயிருந்தன. தனுஷிகாவின் ஐந்து போத்தல் பாலையும் கீழே ஊற்றச் சொல்லி எழுதினேன்.

றொசாந்தி மிஸ் லீவு. முடிவை யாரோ சொல்லத்தானே வேண்டும்? நானே தனுஷிகாவுக்குப் போன் எடுத்தேன். “உங்கடை பாலிலை கிருமி இருக்கு. இனி அனுப்ப வேண்டாம்.” அந்தப் பக்கம் ஒரு ‘ஓம்’ மட்டும். பதினொரு செக்கன். வேலை முடிந்தது.

மார்ச் 7, வெள்ளி

புட்டு அவிக்கப் பஞ்சி. பாண் வாங்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

றொசாந்தி மிஸ் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். கோபத்தில் சத்தம் போடுகிற ஆளில்லை. அதுதான் பயம்.

தனுஷிகா ஐந்து நாளாகத் தன் சொந்தப் பிள்ளைக்கும் பால் கொடுக்கவில்லை. ஐந்து மாதப் பெடியன். “ஆஸ்பத்திரியே வேண்டாம் எண்ட பாலை என்ரை பேரனுக்கு ஏன் குடுக்கிறாய்?” என்று மாமியார் மகாதேவி நிற்பாட்டிவிட்டாராம். பால்மா கரைத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம்.

அப்படி நான் சொல்லேல்லையே. சொன்னேனா?

‘உங்கடை பாலிலை’ — சொன்னனான்தானே. அனுப்பின போத்தலிலை எண்டு சொல்லியிருக்கலாம். உங்கடை பிள்ளைக்குக் குடுக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அதுக்கு எத்தினை செக்கன் போயிருக்கும்? நான் பாத்தது போத்தலை. குற்றம் சொன்னது ஒரு தாயை.

பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொல்லி றொசாந்தி மிஸ் மன்றாடியிருக்கிறார். மகாதேவி போனை வாங்கி, முதல் ஒருத்தி கிருமி இருக்கு என்றாள், இப்போது இன்னொருத்தி இல்லை என்கிறாள், நான் யாரை நம்ப என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஐந்து போத்தலிலும் கிருமி இருந்தது உண்மை. எங்கேயிருந்து வந்தது?

மார்ச் 13, வியாழன் — போயா

பௌர்ணமி லீவு. றொசாந்தி மிஸ்ஸோடு நெல்லியடி போய், பஸ் மாறிப் பொலிகண்டிக்குப் போனேன். பையில் கிருமி நீக்கிய போத்தல்கள்.

மகாதேவி சந்தையில் மீன் விற்கிறவர். இருங்கோ என்று சொல்லவில்லை. போனில் சொன்னது நான்தான் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாள்பட்ட மீன் அப்படித்தான் உணரும் போல.

தனுஷிகாவுக்கு இருபத்திநாலு வயது இருக்கும். கை கழுவுவது, போத்தல் அவிப்பது, பால் எடுப்பது எல்லாம் செய்து காட்டச் சொன்னேன். பிழை பிடிக்கிற கண்ணோடுதான் நின்றேன். ஒரு பிழையும் இல்லை. அவளது கை என் கையைவிடச் சுத்தம். இந்த ஏழு நாளும் பால் கட்டி நோகிறது என்று எடுத்து எடுத்து முருங்கையடியில் ஊற்றினாளாம். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே பிள்ளை சிணுங்கிக்கொண்டு கிடந்தான்.

நேரே என் போத்தலுக்குள் கொஞ்சம் பால் எடுத்துக்கொண்டேன். வெளிக்கிடும்போது, இவ்வளவு நாளும் பால் எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தது என்று கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், அவளது கணவன் கஜானன் குளிர் காக்கிற ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டியோடு வந்தான். மீன் பெட்டிதான், ஆனால் பாலுக்கென்றே புதிதாக வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்திருக்கிறான். கடல் தொழிலாளி. குளிர் காப்பது எப்படி என்று அவனுக்கு நான் சொல்லவா?

“நீங்கள் தந்த குளிர்ப்பை நெல்லியடி தாண்ட முதல் குளிர் விட்டிடும் மிஸ். மீனெண்டாலும் பாலெண்டாலும் எடுத்த உடனை ஐஸுக்கை புதைக்கவேணும்.”

எடுத்த சூட்டோடு போத்தலை நொறுக்கிய ஐஸுக்குள் புதைத்திருக்கிறான். ஒவ்வொரு போத்தலையும். கடைசியாக அனுப்பிய ஐந்தையும்தான்; அதற்கு முதல் பையில் மட்டும் வைத்தானாம். படகுக்கு எடுக்கிற அதே ஐஸ். விடியும்போது ஐஸ் கரைந்து மூடிக்கு மேலே தண்ணீர் நிற்கும். சூடான போத்தல் குளிரும்போது அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்த மூடிகள் தண்ணீருக்கு இறுக்கமில்லை.

சாக்கிலிருந்த ஐஸிலும் ஒரு துண்டை இன்னொரு போத்தலில் எடுத்துக்கொண்டேன். கஜானன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மார்ச் 15, சனி

நேரே எடுத்த பால்: நாலைந்து வெள்ளைப் புள்ளி. எல்லாருடைய தோலிலும் இருப்பது, குற்றமில்லை.

ஐஸ்: தட்டு முழுக்க இளஞ்சிவப்பு. அதே இனம்.

தனியே நின்று சிரித்தேன். பிறகு போன் எடுத்தேன். மகாதேவிதான் எடுத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். வாங்கோ என்றேன். திங்கட்கிழமை வருகிறார். பெரிய டொக்டரிடம் அனுமதி வாங்குவது றொசாந்தி மிஸ்ஸின் பாடு.

மார்ச் 17, திங்கள்

மகாதேவி சந்தை முடிந்து நேரே வந்தார். மூடி ஒட்டிய இரண்டு தட்டையும் முன்னால் வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. வெளிச்சத்துக்குச் சரித்துச் சரித்துப் பார்த்தார். மணந்து பார்க்கக் கேட்டார், விடவில்லை. கடைசியில் இளஞ்சிவப்புத் தட்டைத் தள்ளினார்.

“இது பழுது.”

அது ஐஸ் என்றேன். மற்றது உங்கள் மருமகளின் பால்.

தன் மகனை முதலில் நாலு வார்த்தை ஏசினார். அந்த ஐஸில் வருகிற மீனைத்தான் தான் சனத்துக்கு விற்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டார். மீனை அவிச்சுத்தானே அம்மா சாப்பிடுறம் என்றேன். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “அவள் முருங்கையடியிலை ஊத்த ஊத்த, நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

பிழை உங்களில் இல்லை, நான் சொன்ன விதம்தான் பிழை என்றேன்.

“ஓம்,” என்றார். “பிழைதான்.”

ஆறுதலுக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை. அந்த மனிசியை எனக்குப் பிடித்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

தனுஷிகா திரும்பப் பால் கொடுத்த முதல் நாள் பெடியன் முகத்தைத் திருப்பிவிட்டானாம். பாலும் குறைந்திருந்தது. நேற்றிலிருந்து குடிக்கிறான். வயிற்றோட்டம் நின்றுவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

ஆய்வுகூடப் போனுக்கு மேலே ஒரு கடதாசி ஒட்டினேன். ‘முதலில் சொல்ல வேண்டியது: உங்கடை பிள்ளைக்குக் குடுக்கிறதை நிப்பாட்ட வேண்டாம்.’ பேச்சுத் தமிழில் எழுதியிருக்கிறேன் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். போனில் என்ன, செய்தி வாசிக்கவா போகிறோம்?

ஏப்ரல் 4, வெள்ளி

தனுஷிகாவின் போத்தல்கள் திரும்ப வந்தன. மூன்றுதான். கஜானன் தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். எங்கள் பை உள்ளே, அதற்குள் எங்கள் ஐஸ் பக்கற். பையைச் சுற்றிப் பொலித்தீன். அதற்கு வெளியேதான் அவனது ஐஸும் றெஜிபோம் பெட்டியும். பெட்டியைத் திறந்து பையைத் தடவிப் பார்க்கச் சொன்னான். காய்ந்து கிடந்தது. மற்றத் தாய்மாருக்கும் இப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்று றொசாந்தி மிஸ் படம் எடுத்தார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்று தட்டும் நல்லாயிருக்கின்றன. இரண்டு தரம் பார்த்தேன்.

ஐந்தாம் பெட்டி வெறுமையாக இருக்கிறது. குழந்தை ஆயிரத்து அறுநூறு கிராமோடு தாயின் கட்டிலுக்குப் போய்விட்டது. இன்று நானே வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

திரும்பி வந்து பொலிகண்டிக்குப் போன் எடுத்தேன். நல்ல செய்தி என்றாலும் கடதாசியில் இருக்கிற வசனத்தைத்தான் முதலில் சொல்ல நினைத்திருந்தேன். மகாதேவி எடுத்தார். நான் யாரென்று சொல்லி, தனுஷிகாவிடம் கொடுங்கோ என்றேன்.

“இப்ப தரேலாது. அவள் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு எடும்.”

பிறகு எடுக்கிறேன் என்று வைத்தேன்.